சுருட்டை முடிக்கு ஒரு கழகம்

கோயமுத்தூர்க்காரர்கள் கையில் எது கிடைத்தாலும் அதற்கு ஒரு ஷெட் போட்டு, கரண்ட் கனெக்சன் வாங்கி, வாசலில் ஒரு வாட்ச்மேனையும் உட்கார வைத்துவிடுவார்கள். பஞ்சு கிடைத்தது, மில் வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கீழே போனது, பம்புசெட் செய்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் 'இயற்கை' என்று ஒன்று ஊருக்குள் வந்து இறங்கியபோது அதை மட்டும் சும்மா விட்டுவிடுவார்களா?

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி, வேங்கடசாமி என்ற மில் முதலாளிக்கு ஒரு பழைய குடோன் இருந்தது. அதன் முன்பாதியில்தான் கொங்கு இயற்கைக் கேசக் கழகம் தொடங்கியது. பின்பாதியில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குள் இருந்தது முடியை நேராக்கும் க்ரீம். எப்பேர்ப்பட்ட சுருட்டை முடியையும் ஒரே தடவையில் நீட்டிவிடும் என்று பம்பாய்க்காரர்கள் சொன்னதை நம்பி வேங்கடசாமி ஏஜென்சி எடுத்து இறக்கிய சரக்கு. வாங்கிப் பூசியவர்களுக்கு முடி நீண்டது உண்மை. நீண்ட முடி பிறகு கையோடு வந்ததும் உண்மை. சரக்கு தேங்கிப்போனது. தேங்கிய பெட்டிகளைப் பார்க்கப் பார்க்க வேங்கடசாமிக்கு ரசாயனத்தின் மேலேயே ஒரு கசப்பு உண்டாகி, அந்தக் கசப்பில் அவர் இயற்கைக்கு மாறினார்.

கழகத்துக்குத் தலைவர் அவர். செயலாளர் அவருடைய மனைவி பத்மாவதி. ஆராய்ச்சி இயக்குநர் ராமுலு, அதே மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நூல் நூற்றவருக்கும் தலைமுடிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ கேட்டதற்குத் தலைவர், "ரெண்டும் நீளமா இருக்குதுங்களே" என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்டவர் மில்லில் வேலை செய்கிறவர்.

ஆள், அறை, பெயர்ப்பலகை எல்லாம் ஆயிற்று. இயற்கைக்குத் திரும்பிய தலை ஒன்றுதான் இல்லை. எனவே தினசரியில் விளம்பரம் கொடுத்தார்கள்: ரசாயனத்தைக் கைவிட்ட பெண் ஒருவர் வரவேற்பாளர் வேலைக்குத் தேவை. கிணத்துக்கடவிலிருந்து ஒரே ஒருத்தி வந்தாள். அவள் பெயர் சாந்தாமணி.

சாந்தாமணிக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. விரலை விட்டால் மோதிரமாகச் சுற்றிக்கொள்ளும். அப்பா அம்மா இல்லாமல் அண்ணன் வீட்டில் இருந்தவள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அண்ணி அவளை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பியூட்டி பார்லருக்குக் கூட்டிப்போனாள். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஏதோ ஒன்றைத் தலையில் அப்பி, மண்டை எரிய எரிய உட்கார வைத்து, முடியைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நேராக்கி அனுப்பினார்கள். போகிற வழியிலேயே ஸ்டுடியோவில் ஒரு போட்டோவும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா கேசரியிலிருந்து ஒரு முடியைப் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. நல்ல நேரான முடி. ஆனால் அதை அவர் பாராட்டவில்லை, காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குச் சாந்தாமணி கண்ணாடி முன் நின்று அழுதாள். அழுது முடித்ததும், இனி இந்தத் தலையில் அந்த நாற்றம் பிடித்தது ஏறாது, கல்யாணம் ஆனாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி என்று முடிவு செய்தாள். பொசுங்கிய முடியை வெட்டி எறிந்தாள். உசிலை இலையை இடித்த அரப்புத்தூளை வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்த்தாள். செம்பருத்தி இலையை அரைத்துப் பூசினாள். வெந்தயத்தை அரைத்துப் பூசிச் சரியாக அலசாமல் விட்டதில் தலையணைக்கு எறும்பு வந்தது, அதை விட்டுவிட்டாள். தேங்காய்ப்பால் ஒத்துக்கொண்டது. ஈரத் தலையில் விரலால் சிக்கெடுத்தாள், காய்ந்த தலையில் சீப்பு வைப்பதையே நிறுத்தினாள். ஒரு வருசத்துக்கு மேல் இப்படியே போனது. முதல் சுருள் காதோரத்தில் திரும்பி வந்த அன்று, காணாமல்போன மாடு தானாக வீட்டுக்கு வந்துவிட்டது போல அவளுக்கு அத்தனை சந்தோசம்.

நேர்முகத் தேர்வில் தலைவர்தான் ஆரம்பித்தார்.

"ஏனம்மணி, கெமிக்கல உட்டுப்போட்டீங்களா?"

"உட்டுட்டனுங்க."

"எதுக்காக உட்டீங்க?"

"முடி கொட்டுச்சுங்க."

செயலாளர் பத்மாவதி குறுக்கிட்டாள். இழுத்து வாரிய கொண்டையில் ஒரு முடி பிசகாமல் இருப்பவள். "அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு. இயற்கை கூப்புட்டுச்சுன்னு சொல்லோணும்."

"கூப்புடலீங்க. கொட்டுச்சுங்க."

"கொட்டறதுதான் அது கூப்புடற லட்சணம்" என்று தலைவர் முடித்துவைத்தார். வேலை கிடைத்தது. இப்போதைக்குத் தற்காலிகம், திறப்பு விழாவில் ஆதாரமாக மேடையில் நின்றுவிட்டால் நிரந்தரம். அந்த வேலை சாந்தாமணிக்கு உயிர்ப் பிரச்சினை. சம்பளம் வந்தால் அண்ணி வாயை மூடுவாள். வராவிட்டால் அடுத்த மாப்பிள்ளை, அடுத்த கேசரி, மறுபடியும் அதே பார்லர் நாற்காலி.

சேர்ந்த அன்றே துறவுச் சடங்கு. புதிதாகச் சேர்கிறவர்கள், தாங்கள் பயன்படுத்திவந்த ரசாயனத்தைத் தாம்பாளத்தில் வைத்துச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைத்ததைப் பின்பக்கக் குடோனில் வைத்துப் பூட்டுவார்கள்.

"எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. எப்பவோ தூக்கி வீசியாச்சுங்க" என்றாள் சாந்தாமணி.

"அதெப்படி அம்மணி? கையில ஒண்ணுமில்லாம எதைத் துறப்பீங்க?" என்றார் தலைவர். அவர் கேட்பதும் நியாயம்தானே.

அவள் ரோட்டைத் தாண்டிப் போய் மளிகைக் கடையில் ஷாம்பு பாக்கெட் ஒன்று கேட்டாள். "தலைக்குங்களா, துணிக்குங்களா?" என்றான் கடைக்காரன். "துறக்கறதுக்குங்க" என்று வாங்கிவந்தாள். குத்துவிளக்கு எரிய, எல்லாரும் கை தட்ட, இதுவரை பயன்படுத்தியே இராத அந்த ஷாம்புவை அவள் என்றென்றைக்குமாகக் கைவிட்டாள். அவளோடு சேர்ந்து டைப்பிஸ்ட் நஃபீசாவும் துறந்தாள். கோட்டைமேட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற நஃபீசாவின் வீட்டில் இருந்த ஒரே ரசாயனம் பினாயில் பாட்டில். அதைக் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்தாள். அதையும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது ஆராய்ச்சி. ராமுலு மாஸ்டரின் அறை முழுக்க மில்லிலிருந்து வந்த நூல் பரிசோதனை மெசின்கள். சாந்தாமணியின் தலையிலிருந்து உதிர்ந்த ஒரு முடியை எடுத்து இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டினார். அது துள்ளிக்கொண்டு வெளியே விழுந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி துள்ளியது. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஓவர் ட்விஸ்டுங்க அம்மணி."

"அப்படீன்னா என்னங்க?"

"முறுக்கு சாஸ்தி. நூல்ல முறுக்கு சாஸ்தியாப் போச்சுன்னா இப்படித்தான் தானாச் சுருட்டிக்கும். மில்லா இருந்தா நூலை முறுக்கற கதிர் ஓடற வேகத்தைக் கொறச்சுப்போடுவேன்." கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்குக் கதிர் எங்க ஓடுதுன்னு தெரியலீங்க."

"பொறந்ததுலேருந்தே இப்படித்தானுங்க மாஸ்டர்."

"அப்ப மேனுபேக்சரிங் டிபெக்ட்" என்று மாஸ்டர் எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வாழ்நாள் பூராவும் முறுக்குக் கெடாத நேரான இழையைத் தேடினவர். சுருண்டுகொண்டது எதுவானாலும் அவருக்கு அது கழிவுப் பஞ்சுதான்.

முறுக்கேறிய நூலை அடக்க ஒரு வழி உண்டு. ஈரமான ஆவியில் போட்டு வைத்தால் நூல் பணிந்துவிடும். எனவே சாந்தாமணியை ஆவி அறைக்குள் உட்கார வைத்தார்கள். தலைவரும் மாஸ்டரும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மாவதி மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டாள். "ஈரக்காத்து எனக்கு ஒத்துக்காதுங்க" என்று தூரத்திலேயே நின்றுகொள்வாள். மழை நாளில் அவள் கழகத்துக்கே வருவதில்லை.

கதவு திறந்தபோது சாந்தாமணியின் முடி பணிந்திருக்கவில்லை. ஈரத்தைக் குடித்து, உப்பி, ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் திமிறிக்கொண்டு, தலை இரண்டு மடங்காகியிருந்தது. கதவின் அகலம் போதாமல் அவள் கொஞ்சம் சாய்ந்து வெளியே வந்தாள் என்று நஃபீசா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாஸ்டர், 'மெட்டீரியல் ஒத்துழைக்கவில்லை' என்று அறிக்கை கொடுத்தார்.

அறிக்கை வந்தால் மெமோ வர வேண்டும், அதுதானே முறை. தங்கள் கேசம் ஆராய்ச்சிக்கு ஒத்துழைக்க மறுத்தது தொடர்பாக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சாந்தாமணிக்கு மெமோ வந்தது. டைப் அடித்த நஃபீசா முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டுதான் அடித்து முடித்தாள். பதிலையும் அவளே அடித்துக் கொடுத்தாள்: அது என் பேச்சையும் கேட்பதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நிர்வாகக் குழு கூடி விவாதித்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, கேசம் மட்டும் எச்சரிக்கப்பட்டது.

இப்படியே போயிருந்தால் சாந்தாமணி சிரித்துக்கொண்டே வேலையை ஓட்டியிருப்பாள். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போர்டு வந்தது.

வாசலில் வைக்கிற பெரிய போர்டு. இரண்டு படங்கள், ஒன்றின் கீழே 'முன்', இன்னொன்றின் கீழே 'பின்'. ரசாயனத்தோடு இருந்த காலத்துப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டதால் சாந்தாமணி அந்தப் பெண் பார்க்கும் போட்டோவைக் கொடுத்திருந்தாள். இயற்கைக்கு மாறிய தலையை ஸ்டுடியோக்காரர் போன மாதம் படம் எடுத்துப்போயிருந்தார். அவள் போர்டின் கிட்டப் போய்ப் பார்த்தாள். அவளுடைய இன்றைய சுருட்டை முடிக்குக் கீழே 'முன்' என்றும், பார்லரில் பொசுக்கி நீட்டிய முடிக்குக் கீழே 'பின்' என்றும் எழுதியிருந்தது.

ஓடிப்போய்த் தலைவர் அறையில் நின்றாள். மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஏனுங்க, படத்த மாத்தி வெச்சுட்டாங்கங்க. நேரா இருக்கறதுதானுங்க கெமிக்கலு. சுருட்டைதானுங்க இயற்கை."

"தெரியுமுங்க அம்மணி" என்றார் தலைவர் நிதானமாக. "நாங்கதான் மாத்தச் சொன்னோம்."

"பொய்யாப் போயிருமேங்க?"

"பொய்யின்னு யாரு சொன்னா? உண்மைதான் உங்க தலையிலயே இருக்குதே. ஆனா உண்மையின்னா பாக்கறதுக்கும் உண்மையாட்ட இருக்கோணுமில்லீங்க. ரோட்ல பஸ்ஸுல போறவன் ஒரு நிமிசம் பாக்கறான். சுருட்டைய 'பின்'னுன்னு போட்டா, கழகத்துக்குப் போனா இப்படி ஆயிருமாட்ட இருக்குதுன்னு பயந்துக்க மாட்டானா?"

பத்மாவதி சொன்னாள்: "நல்ல முடியின்னா நேரா இருக்கோணும் கண்ணு. நாங்க சொல்றது இல்ல, ஊரே சொல்லுது. ஊரு சொல்றதக் கேக்கறதும் இயற்கைதானே."

மாஸ்டர் ஆதரித்தார். "கோன்ல சுத்துன நூலு நேரா இருந்தாத்தான் பையர் எடுப்பானுங்க."

சாந்தாமணி ஒரு வருசம் தேங்காய்ப்பாலும் கஞ்சியுமாகப் போராடி மீட்டதை இவர்கள் நோய் என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஆத்திரம் ஒரு பக்கம், இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு ஒரு பக்கம். போகலாம் என்று திரும்பினாள்.

"ஒரு நிமிசமுங்க அம்மணி" என்று தலைவர் கூப்பிட்டார். "விழாவன்னிக்கு நீங்க போர்டு பக்கத்துலதான் நிக்கோணும். அப்ப 'பின்' படத்தாட்டவே இருந்தாத்தானே செரியா இருக்கும்?"

மேசையில் ஒரு டப்பாவை வைத்தார். பச்சை லேபிள், அதில் ஒரு இலைப் படம், மூலிகை என்று பெரிய எழுத்து. சாந்தாமணி மூடியைத் திருகினாள். அழுகிய முட்டை வாடை குப்பென்று வந்தது. அவளுக்கு மண்டையே எரிவது போலிருந்தது.

"இது அந்த க்ரீம்தானுங்களே? பின்னாடி குடோன்ல இருக்கறது?"

"உள்ள இருக்கறத யாரு பாக்கறாங்க? லேபிள் இயற்கைங்க. பேப்பரு மரத்துலேருந்துதானே வருது" என்றார் தலைவர். "ஒரு நாளைக்கு மட்டும் போடுங்க. இயற்கைக்காக இதக்கூடச் செய்யலீன்னா எப்படி?"

"போடலீன்னா?"

"போடலீன்னாப் பரவாயில்லீங்க" என்றார் அவர் அன்பாக. "விழா முடிஞ்சதும் நீங்க சந்தோசமா ஊட்டுக்குப் போயிரலாமுங்க." எங்கள் பக்கத்தில் வேலையை விட்டுத் துரத்தும்போதும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் துரத்துவார்கள்.

சாப்பாட்டு வேளையில் சாந்தாமணி டப்பாவை நஃபீசாவின் டைப் மெசின் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை.

"போட்டுக்கிட்டா வேலை நிக்கும் நஃபீசா. போடலீன்னா அண்ணி மறுபடியும் பார்லருக்குத்தான் கூட்டிட்டுப் போவா. எப்படிப் பாத்தாலும் இந்தக் கருமம் என்ற தலைக்குத்தான் வருது."

"அப்ப அவ கையால வர்றதுக்கு முன்னாடி நீயா எதுக்குக்கா போட்டுக்கற?" என்றாள் நஃபீசா. "ஒண்ணு பண்ணு. எங்கூட்டு முக்காடு ஒண்ணு தாரேன், போட்டுட்டு நில்லு. உள்ள முன்னா பின்னான்னு எவனுக்குத் தெரியும்?"

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பசித்தது. சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கொண்டுபோய்த் தன் மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

விழா அன்று காலையில் கிணத்துக்கடவில் அவள் அரப்பும் கஞ்சியும் தேய்த்துத் தலைக்குக் குளித்தாள். விரலால் சிக்கெடுத்து, தலையை அப்படியே காயவிட்டு, ஒரு கிள்ளு மல்லிகை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உக்கடத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்கும்போது, திரும்பி வரும்போது வேலை இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண் கலங்கியது. ஜன்னல் காற்றில் முடி பறந்து முகத்தில் அடித்தது, அதை ஒதுக்கவில்லை.

அவளைப் பார்த்ததும் பத்மாவதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன கண்ணு இப்படிப் பண்ணிப்போட்டே!" என்று ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு தலையை மூட ஓடிவந்தாள். அதற்குள் சிறப்பு விருந்தினரின் கார் உள்ளே வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வருகிற விருந்தினரை அந்தக் கழகம் எதிர்பார்க்கவில்லை. சால்வையை அவருக்கே போர்த்தினார்கள்.

விருந்தினர் காங்கேயத்து எண்ணெய் மில்காரர் ஐயாசாமி. கழகம் ஊர் ஊராகக் கிளை திறக்க அவருடைய தேங்காயெண்ணெயும் அவருடைய ஆதரவும் வேண்டும் என்பது தலைவரின் கணக்கு. ஐயாசாமி மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற மனிதர். காளையைச் சுற்றிப் பார்ப்பது போல எதையும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

தலைவர் பேசினார். "பெரியோர்களே, இயற்கையின்னா என்னங்க? மழ பெய்யறது இயற்கை. ஆனா மழ பெஞ்சா நம்ம என்ன பண்றோம்? கொட புடிக்கறோம். இயற்கைய அப்படியே உட்டா நம்மள நனைச்சுப்போடுமுங்க. அதனால அதுக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு நிர்வாகக் குழு வேணுங்க. அது இல்லாமத்தான் இத்தன வருசமா இயற்கை கெட்டுக் கெடந்துச்சு." பலத்த கைதட்டல்.

ராமுலு மாஸ்டர் பேசினார். "ஆண்டவன் நல்ல டெக்னீசியன்தானுங்க, நான் கொற சொல்லல. ஆனா தலைமுடி டிபார்ட்மெண்டுல சூப்பர்விசன் இல்லீங்க. ஒருத்தருக்கு நேரா வருது, ஒருத்தருக்குச் சுருட்டையா வருது. ஒரே மில்லுல இப்படி ரெண்டு குவாலிட்டி வந்தா என்னைய எப்பவோ ஊட்டுக்கு அனுப்பியிருப்பாங்க." அதற்கும் கைதட்டல்.

ஐயாசாமி விளக்கேற்றினார். பிறகு போர்டின் பக்கம் போனார். 'முன்' படத்தைப் பார்த்தார், 'பின்' படத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற சாந்தாமணியைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் மூன்றையும் பார்த்தார். மைக்காரன் மைக்கை அவர் வாயருகே நீட்டிக்கொண்டு கூடவே சுற்றினான்.

"இந்த 'முன்'னுன்னு போட்டிருக்கறது இந்த அம்மணிதானுங்களே?"

தலைவர் தலையையும் ஆட்டாமல் மறுக்கவும் செய்யாமல் ஒரு மாதிரி சிரித்தார்.

"நெம்ப நேர்மைங்க" என்றார் ஐயாசாமி கூட்டத்தைப் பார்த்து. "எல்லாரும் கொணமானவங்களத்தான் காட்டுவாங்க. இவிங்க வைத்தியம் பண்றதுக்கு முன்னாடியே மேடையில ஏத்திக் காட்டறாங்க. ஏனுங்க, எப்ப வைத்தியம் ஆரம்பிக்கறீங்க?"

"நாளைக்குங்க" என்றார் தலைவர்.

"அப்ப இந்தப் 'பின்' அம்மணி எங்கீங்க?"

"அவங்க கொணமாகி ஊருக்குப் போயிட்டாங்கங்க."

ஐயாசாமி படத்தை உற்றுப் பார்த்தார். "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிங்களா? ஒரே மூக்கா இருக்குதுங்களே. அது யாருங்கம்மணி?"

மைக் சாந்தாமணியின் முகத்துக்கு வந்தது. தலைவர் கண்ணால் கெஞ்சினார், மாஸ்டர் மேலே பார்த்தார், பத்மாவதி சேலைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கினாள். எப்படியும் போகிற வேலை, பொய் சொல்லி எதற்குப் போக வேண்டும் என்று சாந்தாமணி நினைத்தாள்.

"அதும் நாந்தானுங்க."

"நீங்கதானா? அப்ப கொணமாகி மறுபடியும் கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க. கெட்டுக் கெடந்ததுங்க அது. இப்பத்தானுங்க கொணமாயிருக்குது."

வாசலுக்கு வெளியே மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன் அடித்துப் போனது. தலைவர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! வைத்தியம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அம்மணிக்கு மனசு கொணமாயிருச்சு. அதுதானுங்க எங்க கழகம்!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. எல்லாரையும் விட பலமாகத் தட்டியவர் ஐயாசாமி. "காங்கேயத்துல கிளை திறக்கறப்ப இந்த அம்மணியத்தான் அனுப்போணும்" என்று அங்கேயே அறிவித்தார். "பாருங்க, 'முன்'னுன்னா இப்படியல்ல இருக்கோணும்! எத்தன அடர்த்தி, எத்தன சுருளு! பின்னாடி எப்படியோ போகட்டுமுங்க."

உண்மையை மைக்கில் சொல்லியும் பலிக்கவில்லையே என்று சாந்தாமணி பந்தலுக்குப் பின்னால் போய் ஒரு நாற்காலியில் விழுந்தாள். ஆனால் வேலை போகவில்லை. அவசரமாகக் கூடிய நிர்வாகக் குழுவுக்கு ஒரு விசயம் உறைத்திருந்தது: 'பின்' என்று காட்டப் படம் போதும், காட்டுவதற்கு உயிரோடு ஒரு 'முன்' வேண்டும். முன் இல்லாவிட்டால் கழகம் எதற்கு? அடுத்த நாளே உத்தரவு வந்தது. செல்வி சாந்தாமணி 'முன்' என்ற பதவியில் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். கேசம் நேராகும் பட்சத்தில் பணி தானாகவே முடிவுக்கு வரும்.

நஃபீசா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள். சாந்தாமணி வீட்டுக்குப் போய் அண்ணியிடம் நீட்டினாள். முடியை நேராக்கினால் சம்பளம் நின்றுவிடும் என்று கழக முத்திரையோடு எழுதியிருப்பதை அண்ணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அன்றோடு அந்த வீட்டில் பார்லர் பேச்சு நின்றது.

கழகத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் சுருட்டை முடிக்காரிகள். வாசலில் போர்டைப் பார்ப்பார்கள், உள்ளே வந்து மேசைக்குப் பின்னால் சாந்தாமணியைப் பார்ப்பார்கள், அவள் தலையையே கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "ஏனுங்க, பின்னாடிக்கெல்லாம் வேண்டாமுங்க. இந்த முன்னாடியாட்ட ஆகறதுக்கு என்னங்க பண்ணோணும்?" என்பார்கள். சாந்தாமணி சொல்லிக் கொடுப்பாள். அரப்பு எந்தச் சந்தையில் நன்றாக இருக்கும், கஞ்சி எத்தனை தண்ணியாக இருக்க வேண்டும், காய்ந்த தலையில் ஏன் சீப்பு வைக்கக் கூடாது, எல்லாம். அவர்கள் மாஸ்டரின் அறைப் பக்கமே போகாமல் திரும்பிவிடுவார்கள். இத்தனை பேர் வந்தும் ஒருவரும் ஆவி அறைக்கு வரவில்லையே என்று தலைவர் கூட்டத்தில் வருத்தப்பட்டார். இயற்கையின் மேல் மக்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று மாஸ்டர் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அடைமழை. தலைவரும் மாஸ்டரும் காங்கேயம் போயிருந்தார்கள். நஃபீசா லீவு. பத்மாவதி குடையில்லாமல் காரிலிருந்து ஓடிவந்தாள், முழுக்க நனைந்துவிட்டாள். மழை நாளில் அவளைச் சாந்தாமணி பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொண்டை அவிழ்ந்து தொங்கியது. நுனியெல்லாம் பொசுங்கிப்போன நார். ஆனால் வகிட்டை ஒட்டி, புதிதாக முளைத்த இடத்தில், குட்டிக் குட்டிச் சுருள்கள் ஈரத்தில் எழுந்து நின்றன. காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் வட்டத்துக்கு முடியே இல்லை.

பத்மாவதி சேலைத் தலைப்பால் தலையை மூடப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

"சாந்தாமணி, அந்த அரப்பு... எங்க வாங்கறே கண்ணு?"

சாந்தாமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் என் தலையை நோய் என்று எழுதினீர்களா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அந்த ரூபாய் வட்டத்தைப் பார்த்ததும் பரிதாபமாகிவிட்டது. எத்தனை வருசமாக இந்த அம்மாள் மழைக்கு ஒளிந்திருக்கிறாளோ.

"சொல்றனுங்க. ஆனா விதியின்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றாள். "மொதல்ல துறக்கோணுமுங்க."

பத்மாவதி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, பச்சை லேபிள் ஒட்டிய டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். பாதி தீர்ந்திருந்தது. சாந்தாமணி தாம்பாளம் கொண்டுவந்தாள், குத்துவிளக்கும் ஏற்றினாள். கைதட்ட வேறு யாரும் இல்லாததால் அவளே தட்டினாள். டப்பாவை வாங்கிக்கொண்டு போய், கழக விதிப்படி, பின்பக்கக் குடோனில் அது முதலில் எந்தப் பெட்டியிலிருந்து வந்ததோ அதே பெட்டியில் வைத்துப் பூட்டினாள். திரும்பி வந்து, "உக்காருங்க, மொதல்ல சிக்கெடுக்கலாம்" என்று தன்னுடைய நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.